‘ஆஃபுல்’ என்றால் மகிழலாமா?

கேள்வி: லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்த மன்னர், ‘ஆஃபுல் (awful), ஆர்ட்டிஃபிஷியல் (artificial)’ என்றாராம். இன்றைய பொருளில் ‘படுமோசம், செயற்கை’. கட்டிய கிறிஸ்டோபர் ரென் அதைப் பாராட்டாக ஏற்று மகிழ்ந்தாராம். என் அறிக்கையின் ஓரத்தில் மேலதிகாரியும் ‘ஆஃபுல்’ என்றுதான் எழுதியிருக்கிறார். நானும் மகிழலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: எந்த மன்னர் என்று முதலில் சொல்லுங்கள். இரண்டாம் சார்லஸ் என்பார் ஒருவர், இரண்டாம் ஜேம்ஸ் என்பார் இன்னொருவர், ஆன் அரசி என்று சாதிப்பவர்களும் உண்டு. சார்லஸ் 1685-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். தேவாலயம் முடிந்ததாக நாடாளுமன்றம் அறிவித்ததோ 1711-இல். எழும்பாத குவிமாடத்தை அவர் எங்கே நின்று பார்த்தாராம்?

ஆனால் கதையின் ஒரு சொல்லுக்குச் சான்று இருக்கிறது. 1675 மே மாதம் சார்லஸ் வழங்கிய ஆணை, ரென்னின் வரைபடத்தை ‘மிகவும் ஆர்ட்டிஃபிஷியல், பொருத்தமானது, பயனுள்ளது’ என்றே மெச்சுகிறது. கைத்திறன் மிக்கது என்பது அன்றைய பொருள். (அந்த வரைபடத்தில் குவிமாடத்தின் தலைமேல் ஓர் ஊசிக்கோபுரம் நின்றது. அலங்காரத்தில் சில மாற்றங்கள் செய்துகொள்ளலாம் என்று மன்னர் அனுமதித்தார். அந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு ரென் கட்டடத்தையே மாற்றிவிட்டார். ரசிக்க வேண்டிய கதை இதுதான்.)

‘ஆஃபுல்’ விஷயத்துக்கு வருவோம். அதன் முதற்பாதியான ‘ஆ’ (awe), ஸ்காண்டிநேவியர் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல், பொருள் அச்சம். பிறகு தெய்வத்தின் முன் தோன்றும் பயபக்தியும் அதில் சேர்ந்துகொண்டது. 18-ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கீர்த்தனைகளில் கர்த்தரின் சிங்காசனமே ‘ஆஃபுல்’தான். பிற்காலப் பாட்டுப் புத்தகங்கள் சில சங்கடப்பட்டு ‘ஆசம்’ (awesome, பிரமிக்கவைப்பது) என்று திருத்திக்கொண்டன. 19-ஆம் நூற்றாண்டில், பிடிக்காததையெல்லாம் ‘ஆஃபுல்’ என்று சொல்லிச் சொல்லியே சொல்லின் மானத்தை வாங்கிவிட்டார்கள். போதாததற்கு ‘ஆஃபுலி நைஸ்’ என்று வெறும் ‘ரொம்ப’வாகவும் தேய்த்தார்கள். ‘டெரிஃபிக்’ கதை நேர்மாறு: குலைநடுங்க வைப்பது என்று பிறந்து, ‘பிரமாதம்’ என்று உயர்ந்துவிட்டது. ஒரே அச்சத்தில் பிறந்த இரண்டுக்கும் இரண்டு தலையெழுத்து. இதில் நியாயம் தேடாதீர்கள்.

உங்கள் மேலதிகாரி 17-ஆம் நூற்றாண்டுக்காரர் இல்லையென்றால், அறிக்கையைத் திருத்தி எழுதுங்கள். பக்கத்திலேயே ‘ஆர்ட்டிஃபிஷியல்’ என்றும் எழுதியிருந்தால் அது வேறு சிக்கல்: அறிக்கையை இயந்திரத்திடம் எழுதி வாங்கினீர்களா என்று கேட்கிறார்.