ஈறு நோய்க்கும் இனிப்பு நீருக்கும் நிஜமாகவே தொடர்பு இருக்கிறதா?

கேள்வி: அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. ஈறைச் சரி செய்தால் சர்க்கரையும் இறங்கும் என்று பல் டாக்டர் சொல்கிறார். உண்மையா, காசு பார்க்கும் பேச்சா?

உண்மைதான். அம்மாவை அழைத்துப் போங்கள்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால் மரம் வெட்டிய பாட்டிகள், இப்போது குலை வெட்டுகிற, மருந்து அடிக்கிற பிள்ளைகள் என்று நம் ஆட்கள்தான் நிறைய வருவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆடுதும்மா, புடுங்கிடச் சொல்லு." வலிக்கிறதா பாட்டி என்று கேட்டால், "வலியெல்லாம் இல்லம்மா." என்னைக் கவலைப்படுத்துவது அந்தப் பதில்தான். சொத்தைப் பல் வலித்து ஊரைக் கூட்டிவிடும். ஈறு நோய் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துக்கொண்டே போகும்.

நடப்பது இதுதான். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் வழுவழுப்பான அழுக்கில் கிருமிகள் கூடு கட்டுகின்றன. எடுக்காமல் விட்டால் அது இறுகிக் காரையாகிவிடும். உடம்பு அந்தக் கிருமிகளோடு சண்டை போடுவதில் ஈறு வீங்கி, பல்லை விட்டுப் பிரிந்து, இடையில் ஒரு பை உண்டாகிறது. டாக்டர் அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை அந்த இடுக்கில் மெதுவாக இறக்கிப் பார்ப்பார். நல்ல ஈறு என்றால் 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். போன வருஷம் வந்த ஒரு பாட்டிக்குக் கீழ்க்கடைவாயில் கம்பி 7 வரைக்கும் இறங்கியது. அவர் வெற்றிலை போடுகிறவர். ஈறெல்லாம் செங்காவி படிந்து, எது வீக்கம் எது கறை என்றே தெரியவில்லை. கம்பியை வெளியே எடுத்ததும் பல்லைச் சுற்றி ரத்தம் கோடு போட்டது. கூடவே கொஞ்சம் சீழ். பாட்டி அப்போதும் வலிக்கவில்லை என்றுதான் சொன்னார்.

முற்றிய ஈறு நோயில் வாய் முழுக்க உள்ள பைகளின் உட்புறப் புண்ணையெல்லாம் சேர்த்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இனிப்பு நீர் உள்ளவர் காலில் அந்த அளவுக்குப் புண் இருந்தால் வீடே பதறும். வாய்க்குள் இருப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தப் புண்ணிலிருந்து கிருமியும், அழற்சியைத் தூண்டும் பொருள்களும் நாள் முழுக்க ரத்தத்தில் கலக்கின்றன. அந்தப் பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைக் கெடுக்கும். அதனால் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களின் பலத்தைக் குறைத்துப் புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும். இப்படி ஒன்றை ஒன்று வளர்த்துவிடும். ஈறு நோயை இனிப்பு நீரின் ஆறாவது சிக்கல் என்று ஹெரால்ட் லோ என்ற நார்வே பல் மருத்துவ ஆய்வாளர் 1993-லேயே எழுதிவிட்டார்.

சிகிச்சையால் எவ்வளவு இறங்கும்? இது பற்றி நடந்த பரிசோதனைகளையெல்லாம் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2022-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஈறுக்கு அடியில் முறையாகச் சுத்தம் செய்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி இறங்கியிருந்தது. 7.9 இருந்தவருக்கு 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. ஆனால் சாப்பிடும் மாத்திரைக்கு மேல் கிடைக்கும் பலன் இது, சும்மா விடலாமா? இனிப்பு நீர் இருந்த அந்த வெற்றிலைப் பாட்டிக்கும், ஈறைச் சுத்தம் செய்த பிறகு அடுத்த ரத்தப் பரிசோதனையில் நன்றாகவே இறங்கியிருந்தது. அதே சமயத்தில் மருந்தையும் மாற்றினார்கள் என்பதால் எல்லாம் ஈறால்தான் என்று சொல்ல மாட்டேன்.

"எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்லை, சாகும்வரை எலும்பு கடித்தார்" என்று யாராவது சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை. அதே ஹெரால்ட் லோவின் குழு இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரை 1970 முதல் 15 வருஷம் கவனித்தது. பல் துலக்கும் பழக்கமே இல்லாதவர்கள், எல்லார் வாயிலும் அழுக்கும் காரையும். அப்படியிருந்தும் 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. 8 சதவீதம் பேருக்கு மளமளவென்று பல்லே போனது. மற்றவர்கள் நடுவில். உங்கள் தாத்தா அந்த 11-இல் ஒருவராக இருந்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கிறது, அவருக்கு அந்த அதிர்ஷ்டத்தை நம்பி உட்கார முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நாம்தான் முதலிடம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாரடைப்பு பற்றியும் கேட்பீர்கள். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் இது அதற்கு நேரடிக் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. செயற்கை வால்வு வைத்தவர்கள் கதை வேறு. பல் பிடுங்குவதற்கும் ஈறைச் சுத்தம் செய்வதற்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தருவார்கள்.

சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயத்தில் பலர் வருவதே இல்லை. எலும்பு கரைந்த இடத்தைக் காரைதான் அடைத்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், வீக்கமும் வற்றியதும், இருந்த ஓட்டை தெரிகிறது. கொஞ்ச நாளில் ஈறு இறுகும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதும் வேண்டாம். மென்மையான பிரஷ்ஷால் ஈறு ஓரத்தில்தான் துலக்க வேண்டும், பல் இடுக்குக்குச் சின்ன பிரஷ் பார்மசியில் கிடைக்கும். கரியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது பல்லைத் தேய்க்குமே தவிர இடுக்கில் போகாது. வெற்றிலை பாக்குப் பழக்கம் இருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும், இந்நாட்டில் வாய்ப் புற்றுநோயும் நம்மவர்களுக்குத்தான் அதிகம்.

போகும்போது அரசாங்கக் கிளினிக்கில் இனிப்பு நீர் சிகிச்சையைக் குறித்து வைக்கக் கொடுத்த பச்சைப் புத்தகத்தையும் எல்லா மருந்தையும் எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும், டாக்டருக்கு அது தெரிய வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காலை நேரமாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். அம்மா பசியாறி, வழக்கமான மருந்தைப் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம். "கிளீனிங் பண்ணணும்" என்று மட்டும் சொல்லாமல், ஈறுப் பையை அளந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.