பல் அடைக்கும் சீமெந்து புளோரைட்டை விடுவதும் திரும்ப ஏற்பதும் எப்படி?

சூத்தைப் பல்லை அடைக்கும் சீமெந்து, பல் கரையாமல் காக்க உதவும் புளோரைட்டைக் கசியவிட்டுத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும் என்கிறார்களே, அது எப்படி என்பது கேள்வி.

அயன் என்பது மின்னேற்றம் கொண்ட நுண்துகள். இப்படிச் செய்யும் கிளாஸ் அயனோமர் சீமெந்து, கண்ணாடித் தூளையும் பொலிஅக்கிரிலிக் அமிலத்தையும் குழைத்துச் செய்யப்படுவது. அமிலம் தூளின் மேற்பரப்பைக் கரைக்கும்போது கல்சியம், அலுமினியம், புளோரைட்டு அயன்கள் வெளிவருகின்றன. முதலிரண்டும் அமிலச் சங்கிலிகளைப் பிணைத்துச் சீமெந்தை இறுக்குகின்றன. புளோரைட்டுக்கு அந்தக் கட்டில் பெரிய வேலை இல்லை. அது போனாலும் அடைப்பு உதிராது.

புளோரைட்டு முதல் ஓரிரு நாள்கள் அதிகமாகவும், பிறகு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகவும் வெளியேறும். வாயில் புளிப்பு ஏறினால் கசிவும் கூடும். பல் கரையத் தொடங்கும் நேரமும் அதுவே. இந்தச் சீமெந்தின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது இதைத்தான்.

இரணைமடுக் குளம் மாரியில் நிரம்பும், சிறுபோகத்துக்குத் திறந்தால் இறங்கும், அடுத்த மழைக்கு மீண்டும் ஏறும். அதுபோல, புளோரைட்டுப் பற்பசையால் துலக்கும்போது வாயில் அதன் செறிவு கூடுவதால் சீமெந்து ஏற்கிறது. செறிவு குறைந்ததும் விடுகிறது. ஆனால் முதல் நாள் அளவுக்குத் திரும்ப நிரம்புவதில்லை. உமிழ்நீரிலுள்ள கல்சியத்தையும் பொஸ்பேற்றையும்கூட எடுத்து மேற்பரப்பை வலுவாக்குகிறது.

வவுனியாவில் கிணற்றுநீரில் புளோரைட்டு கூடிய ஊர்களில், இந்த அடைப்பாலும் பல்லில் பழுப்புக் கறை வரும் என்று நினைப்பதுண்டு. அந்தக் கறை, சிறுவயதில் முரசுக்குள் பல் உருவாகும்போது குடித்த நீரால் வருவது. முளைத்த பல்லில் வைத்த அடைப்பின் சிறு கசிவால் வராது.