கணக்குக் கேட்டால் தீர்ப்பளித்ததாகுமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சபையில் சேகர கமிட்டி (சபையின் நிர்வாகக் குழு) உறுப்பினராக இருக்கிறேன். போன அறுப்பின் பண்டிகையில் காணிக்கை, ஏலம் எல்லாம் சேர்த்து நல்ல தொகை வந்தது. ஆறு மாதம் ஆகியும் பொருளாளர் கணக்கு வைக்கவில்லை. இதற்கிடையில் அவர் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நிற்கிறது. பழைய கார்தான். அதைப் படம் எடுத்து 'அறுப்பின் பண்டிகை ஆசீர்வாதம்' என்று சபை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்டார். நானும் அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அடுத்த ஞாயிறிலிருந்து அவர் மனைவி ஆராதனைக்கு வருவதில்லை. இப்போது 'பணத்தைக் கையாடிவிட்டார்' என்று பேராயருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆயரோ, 'மற்றவர்களைத் தீர்க்காதிருங்கள்' என்று பிரசங்கம் செய்து பேச்சை முடித்துவிட்டார். நான் கையெழுத்துப் போடுவதா, வேண்டாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அந்த மனுவில் இப்போது இருக்கிற வாசகத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காகச் சும்மாவும் இருந்துவிடாதீர்கள். கணக்கைக் கேளுங்கள். முதலில் அவரிடமே போய்க் கேளுங்கள்.

ஆயர் எடுத்துக்கொண்டது மத்தேயு 7-ம் அதிகாரத்தின் முதல் வசனம். அங்கேயே நிறுத்திக்கொண்டதில்தான் சிக்கல். ஐந்தாம் வசனம் வரை வாசித்துப் பாருங்கள். முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்கிறார் இயேசு. துரும்பு அப்படியே கிடக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. யோவான் 7:24-ல் இன்னும் நேராகவே சொல்கிறார்: "தோற்றத்தின்படி தீர்ப்புச்செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச்செய்யுங்கள்." கேள்வி கேட்பவர்களின் வாயை அடைக்க அந்த ஒற்றை வசனத்தை எடுப்பது நம் சபைகளில் ஒரு பழக்கமாகிவிட்டது. பதவியில் இருப்பவர்களுக்கு அது ரொம்ப வசதியும்கூட.

பணத்தைப் பற்றிக் கேட்பது யாரையும் அவமானப்படுத்துவது ஆகாது. வயதான காலத்தில் சாமுவேல் தானாகவே இஸ்ரவேலர் முன் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், சொல்லுங்கள் என்று கேட்டார் (1 சாமுவேல் 12). பவுல் எருசலேமிலுள்ள ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது, ஒருவரும் குற்றஞ்சொல்ல இடமில்லாதபடி வேறு சகோதரர்களையும் கூடவே அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம் (2 கொரிந்தியர் 8:20, 21). அப்போஸ்தலனுக்கே அந்தக் கவனம் தேவைப்பட்டது. உங்கள் பொருளாளருக்கும் அது வேண்டும், அவருடைய நன்மைக்காகவே.

சரி, மனுவில் என்ன தப்பு? லேவியராகமம் 19-ம் அதிகாரத்தில் 15 முதல் 18 வரை உள்ள நான்கு வசனங்களை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். முதலாவது நியாயத்தைப் பற்றியது: "சிறியவனுக்கு முகதாட்சிணியம் செய்யாமலும், பெரியவனுடைய முகத்துக்கு அஞ்சாமலும், நீதியாகப் பிறனுக்கு நியாயந்தீர்ப்பாயாக." அடுத்ததே, அங்கும் இங்கும் கோள்சொல்லித் திரியாதே என்கிறது. அதற்கு அடுத்தது, சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, தப்பைக் கண்டால் அவனைக் கடிந்துகொள் என்கிறது. நான்காவதைச் சொல்லவே வேண்டாம், பிறனிடத்தில் அன்புகூருவதைப் பற்றி நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்தது. இயேசு எடுத்துச் சொன்ன அந்தப் பெரிய கட்டளை இருக்கும் இடமே இதுதான். நியாயம், கோள், கண்டிப்பு எல்லாவற்றையும் பேசிவிட்டு அந்தப் பேச்சின் கடைசியில்தான் அன்பு வருகிறது. உங்கள் சபையில் இப்போது நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கோள் தாராளமாக நடந்திருக்கிறது. கடிந்துகொள்ளும் வேலையை மட்டும் யாரும் செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, கணக்கு எங்கே என்று இந்த ஆறு மாதத்தில் யாராவது கேட்டார்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை.

யோசுவா 22-ம் அதிகாரத்தில் ஒரு சம்பவம் வருகிறது. நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்காத பகுதி. ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் யோர்தான் ஓரத்தில் பார்வைக்குப் பெரிதான ஒரு பீடத்தைக் கட்டினார்கள். மற்ற கோத்திரத்தாருக்குச் செய்தி எட்டியதும், கர்த்தரை விட்டு விலகிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, யுத்தத்துக்குச் சீலோவில் கூடிவிட்டார்கள். ஆனால் வாளை எடுப்பதற்கு முன் ஆசாரியனான எலெயாசாரின் மகன் பினெகாசையும், கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். அவர்கள் போய்ப் பேசியதும் ஒன்றும் மென்மையான பேச்சு அல்ல. பதில்தான் யாரும் எதிர்பாராதது: இது பலிபீடம் இல்லை, யோர்தானுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கும் கர்த்தருக்கும் சம்பந்தமில்லை என்று நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாதே என்று கட்டிய சாட்சி. பினெகாசுக்கு அது நன்றாய்ப் பட்டது. யுத்தம் நின்றது.

கண்ணால் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. பீடம் அங்கே இருந்தது. உங்கள் ஊரிலும் கார் இருக்கிறது, படம் எடுத்துப் போட்டதும் நிஜம். அது என்ன பணத்தில் வந்தது என்பதை மட்டும் நீங்களாக நிரப்பிக்கொண்டீர்கள். அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் உண்டு. போனவர்கள், உங்கள் தேசம் தீட்டாயிருந்தால் எங்கள் பக்கம் வாருங்கள், எங்கள் நடுவே காணியாட்சி பெற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்கள் (வசனம் 19). கேள்வி கேட்கப் போன இடத்தில் தங்கள் நிலத்தில் பங்கு கொடுக்கத் தயாராகப் போயிருக்கிறார்கள்! மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பவர்களில் எத்தனை பேர் அப்படிப் போவார்கள் என்று தெரியவில்லை.

நானும் குன்னூர்க்காரிதான். நம் மலையில் ஒருவருடைய வரவு இன்னொருவருக்கு ஒளிவு மறைவு இல்லை. யார் தோட்டத்தில் எவ்வளவு தேயிலை எடுத்தார்கள், எந்தத் தொழிற்சாலைக்குப் போட்டார்கள், குன்னூர் ஏலத்தில் தூள் விலை இறங்கியதில் இந்த மாதம் இலைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான், இந்த விலைக்கு இலை போட்டுக் கார் எப்படி வாங்கினான் என்று உடனே கணக்குப் போட்டுவிடுகிறோம். வரவு தெரிந்த அளவுக்குக் கடன் தெரியாது. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பிள்ளை அனுப்பியது தெரியாது. மனைவியின் நகை எந்த வங்கியில் இருக்கிறது என்பது தெரியாது. அவர் யோக்கியர் என்று சொல்ல நான் வரவில்லை. அவர் எடுத்தாரா இல்லையா என்பது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மனு எழுதியவர்களுக்கும் தெரியாது, ஆனால் அவர்கள் 'கையாடிவிட்டார்' என்று முடித்தே எழுதியிருக்கிறார்கள்.

இலை எடை போடும் இடத்தில் ஈரத்துக்கென்று கிலோக் கணக்கில் கழிப்பார்களே, அங்கே நாம் எப்படி நிற்கிறோம்? நம் மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாகக் கழித்தால் சண்டைக்குப் போகிறோம். பக்கத்துக்காரர் மூட்டைக்கு எவ்வளவு கழித்தார்கள் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "நீங்கள் அளக்கிற அளவின்படியே உங்களுக்கும் அளக்கப்படும்" என்று இயேசு சொன்னதை அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று யோசியுங்கள்.

ஏலம் என்றதும் இன்னொரு கேள்வி வருகிறது. பண்டிகை ஏலம் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு கேக், ஒரு சேவல், ஒரு கூடை கேரட், கடை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எல்லாரும் கைதட்டுவார்கள். 'அடுத்த மாசம் கொடுத்துடறேன்' என்று எடுத்தவர் பொருளோடு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த அடுத்த மாதம் சில வீடுகளில் வருவதே இல்லை. உங்கள் சபையில் ஏலப் பாக்கி எவ்வளவு நிற்கிறது? பாக்கிக்காரர்களின் பெயரை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக் கணக்கை இழுத்துக்கொண்டிருக்கும் பொருளாளர்கள் உண்டு. உங்கள் பொருளாளரும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பவர்களில் ஏலப் பாக்கி வைத்திருப்பவர் ஒருவராவது இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. உத்திரம் என்றால் சில சமயம் கட்டாத ரசீதுதான். முதலில் உங்கள் வீட்டு ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அவரிடம் போங்கள். மத்தேயு 18:15 சொல்கிற மாதிரி நீங்களும் அவரும் தனித்திருக்கையில். பெண் தனியாகப் போவது அங்கே சரிப்படாது என்றால் உங்கள் வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு போங்கள், வேறு கமிட்டிக்காரர்கள் வேண்டாம். சுற்றி வளைக்காதீர்கள். 'அண்ணா, பண்டிகைக் கணக்கு இன்னும் வரல. ஊர்ல ஒரு பேச்சு ஓடுது, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். உங்க வாயால கேட்டுக்கலாம்னு வந்தேன்.' இவ்வளவு போதும். பிறகு அவர் பேசட்டும். காரைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அது அவர் வீட்டு விஷயம். சபைப் பணம்தான் சபையின் விஷயம்.

அவர் கோபப்பட்டு அனுப்பிவிட்டால்? இரண்டொருவரோடு மறுபடி போக வேண்டும், பிறகு சபைக்குச் சொல்ல வேண்டும். வரிசை அதே பகுதியிலேயே இருக்கிறது. பேராயருக்கு எழுதுவதும் தப்பில்லை. ஆனால் மனுவின் வாசகம் இப்படி இருக்கட்டும்: 'இந்தத் தேதியில் நடந்த பண்டிகையின் வரவு செலவுக் கணக்கு இன்னும் கமிட்டியில் வைக்கப்படவில்லை. கணக்கை வாங்கித் தணிக்கை செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.' இதில் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். நடந்தது மட்டும்தான் இதில் இருக்கிறது.

விசாரித்ததில் அவர் எடுத்தது உண்மை என்றே தெரிய வந்தால், 'மன்னித்துவிட்டோம்' என்று சொல்லி அதே பையை அவர் கையிலேயே கொடுக்காதீர்கள். அது இரக்கம் இல்லை, அவரை மறுபடி அதே குழியில் தள்ளுவது. பொறுப்பிலிருந்து இறக்குங்கள். பணத்தைத் திருப்பிக் கட்டத் தவணை கொடுங்கள். சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுத்தான், இவர் எடுத்ததை மட்டுமாவது கொடுக்கட்டும். சாந்தமுள்ள ஆவியோடே சீர்ப்பொருந்தப்பண்ணுங்கள் என்று கலாத்தியர் 6:1 சொல்வது இப்படிப்பட்ட ஆளைப் பற்றித்தான். அதே வசனம், நீயும் சோதிக்கப்படாதபடிக்கு உன்னைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்றும் சேர்த்துச் சொல்கிறது. தொகையைக் கேட்டு உச்சுக்கொட்டுகிறவர்களில் பலருக்கு அந்தப் பை இதுவரை கையில் கிடைக்கவில்லை.

'யூதாஸும் பொருளாளர்தானே' என்று உங்கள் குழுவில் யாராவது எழுதியிருப்பார்கள், எழுதாவிட்டால் சீக்கிரம் எழுதுவார்கள். அவன் பணப்பையிலிருந்து திருடினான் என்று யோவான் 12:6 சொல்வது உண்மை. ஆனால் அடுத்த அதிகாரத்தையும் பாருங்கள். கடைசி இரவில் இயேசு அவனிடம், நீ செய்கிறதைச் சீக்கிரமாய்ச் செய் என்றபோது, பந்தியிருந்தவர்களில் சிலர், பண்டிகைக்கு வேண்டியதை வாங்கச் சொல்கிறார் அல்லது தரித்திரருக்கு ஏதாவது கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தார்கள் (13:29). அவர்கள் நினைத்தது தப்பாகப் போயிற்று. ஆனாலும் அப்படி நல்லபடியாக நினைத்ததற்காக வேதம் அவர்களை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. பையை வைத்திருந்தவன் திருடன் என்று தெரிந்த நாம் இன்று அவர்களை அப்பாவிகள் என்கிறோம். எனக்கு அந்தச் சீஷர்களைப் பிடித்திருக்கிறது.

அந்தச் சிரிப்புப் பொம்மையை நீங்கள் ஏன் கடிதத்தில் எழுதினீர்கள் என்று புரிகிறது. அதை எடுத்துவிடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது, ஏற்கெனவே எல்லாரும் பார்த்தாயிற்று. படத்தை நீக்கச் சொல்லிக் குழு நிர்வாகியிடம் கேளுங்கள். கணக்கு வரும்வரை இதைப் பற்றி இங்கே பேச வேண்டாம் என்று உங்கள் பெயரிலேயே குழுவில் ஒரு வரி எழுதுங்கள். நாலு பேர் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

ஆராதனைக்கு வராமல் இருக்கும் அந்தத் தங்கையிடம் மட்டும் தாமதம் செய்யாதீர்கள். கணக்கு எப்படி முடிந்தாலும் அவருக்கும் பிள்ளைகளுக்கும் இதில் பங்கில்லை. தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்லும்போது நாம் யார் சுமத்த? அவர் கணவரிடம் கேட்கப் போகும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போங்கள், கணக்குப் பேச்சை எடுக்காமல். பொம்மை போட்டது நான்தான், தப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் ஏறும் அதே பேருந்தில் அவரும் ஏறுவார் என்றால், எத்தனை மணிக்கு நிறுத்தத்தில் நிற்பீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.