ஏசி மாட்ட எவ்வளவு ஆகும்? கேள்விகளும் பதில்களும்

தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீட்டு ஏசி மாட்டுகிறேன். கீழே உள்ள தொகைகள் எங்கள் பகுதியில் நான் வாங்குவதும், மற்றவர்கள் வாங்கக் காண்பதும். உங்கள் ஊரில் கொஞ்சம் கூடலாம், குறையலாம். எந்த நிறுவனத்து ஏசி நல்லது என்று மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

மாட்டுவது இலவசம் என்று கடையில் சொன்னார்கள். வந்தவர் 6,400 ரூபாய் கேட்கிறார். ஏமாற்றுகிறாரா? (மடிப்பாக்கம், 1.5 டன் ஸ்பிளிட்)

நீங்கள் அனுப்பிய சீட்டைப் பார்த்தேன். ஸ்டாண்டு 900, கூடுதல் காப்பர் பைப் 4 மீட்டருக்கு 4,000, சுவரில் துளை 500, டிரெயின் குழாயும் வயரும் சேர்த்து 1,000. இதில் ஏமாற்று இல்லை. கடைக்காரர் இலவசம் என்றது கூலியை மட்டும். சாமான்களுக்குத் தனிக் காசு என்பதை அவர் விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அந்த 4,000 ரூபாயைக் குறைக்க வழி உண்டு. பல பெட்டிகளில் 3 மீட்டர் பைப் கூடவே வரும், சிலவற்றில் வராது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். அவுட்டோரை (ஏசியின் வெளியே வைக்கும் பகுதியை) மொட்டை மாடியில் வைப்பதால் உங்களுக்கு 7 மீட்டர் தேவைப்படுகிறது. அதே படுக்கையறைச் சுவருக்குப் பின்னால் பால்கனி இருக்கிறதே, அங்கே வைத்தால் பெட்டியில் வந்த 3 மீட்டரே போதும். பைப் தேவைக்கு மேல் நீளாமல் இருந்தால் குளிர்ச்சியும் நன்றாக இருக்கும்.

இன்னொன்று. பைப் என்பது ஒன்றல்ல, இரண்டு. 1.5 டன்னுக்குப் பெரும்பாலும் கால் அங்குலம் ஒன்று, அரை அங்குலம் ஒன்று. மீட்டர் விலை ஜோடிக்கா, ஒன்றுக்கா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வெட்டுவதற்கு முன் உங்கள் கண்ணெதிரில் டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் போய்விட்டால் அளக்க முடியாது.

பணம் கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி: வேக்குவம் பம்ப் கொண்டுவந்திருக்கிறீர்களா? கேஸைத் திறப்பதற்கு முன் பைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கருவி அது.

120 சதுர அடி அறைக்கு 1 டன் போதுமா?

மேலே இன்னொரு மாடி இருந்தால் போதும். மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும் அறை என்றால் 1.5 டன் வாங்குங்கள்.

ஜிஎஸ்டி குறைந்ததால் மாட்டும் செலவும் குறையுமா?

குறையாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மாட்டும் சேவைக்கு அதற்கு முன்பும் 18 சதவீதம்தான்.

3 ஸ்டாரா, 5 ஸ்டாரா? 8,000 ரூபாய் வித்தியாசம்.

ஏசியின் ஸ்டார் பட்டையிலேயே ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும். அது 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. நீங்கள் பார்க்கும் இரண்டு ஏசிகளுக்கும் இடையே 220 யூனிட் வித்தியாசம் என்றும், யூனிட் 8 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,760 ரூபாய் மிச்சம். கூடக் கொடுத்த 8,000 திரும்பிவர நாலரை ஆண்டு ஆகும். தினமும் 8 மணி நேரம், ஆண்டு முழுவதும் ஓட்டும் வீடு என்றால் இரண்டரை ஆண்டிலேயே வந்துவிடும். கோடையில் இரண்டு மாதம் மட்டும் ஓட்டுபவர் 3 ஸ்டாரே வாங்கலாம், எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் தமிழ்நாட்டு மின்கட்டணத்தில், இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த சலுகையும் போய்விடும். உங்கள் பழைய ரசீதில் 450 என்று இருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

நானும் மெக்கானிக்தான், அண்ணா. பம்ப் இல்லாமல் கேஸை லேசாகத் திறந்து உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு மாட்டுகிறேன். பத்து ஆண்டாக ஒரு புகாரும் இல்லை. மக்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

தம்பி, புகார் உன்னிடம் வராது. நாலாவது ஆண்டில் கம்ப்ரசர் போகும்போது அந்த வீட்டுக்காரர் வேறு யாரையோ கூப்பிடுவார்.

கேஸால் தள்ளினால் காற்று முழுவதும் போகாது. மிஞ்சிய காற்று குளிர்ந்து திரவமாவதில்லை. அது கண்டென்சரில் (கேஸ் குளிர்ந்து திரவமாகும் பகுதியில்) இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றும், மின்சாரம் கூடச் செலவாகும். காற்றோடு வந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரின் உட்சுருளை அரிக்கும். இப்போது பெரும்பாலும் வருவது ஆர்32. அது மெதுவாக என்றாலும் தீப்பற்றக்கூடிய கேஸ். அதை வீட்டுக்குள் திறந்துவிடுவது எப்படிச் சரியாகும்?

பம்ப் போட்டால் இன்னொரு பயன் உண்டு, அதை வீட்டுக்காரரே பார்க்கலாம். கால் மணி நேரம் பம்ப் ஓடியதும், அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். வால்வை மூடிப் பம்ப்பை நிறுத்தி, பத்து நிமிடம் அந்த முள்ளைப் பாருங்கள். அசையாமல் இருந்தால் அதற்குப் பிறகு கேஸைத் திறக்கலாம். மெல்ல மேலே ஏறினால் எங்கோ ஒரு ஃபிளேர் நட் (பைப்பின் விரித்த வாயை இறுக்கும் நட்) சரியாக உட்காரவில்லை என்று பொருள். சென்ற மாதம் ஒரு வீட்டில் இப்படித்தான் முள் ஏறியது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் பைப்பின் விரித்த வாயில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல். பம்ப் இல்லாமல் திறந்திருந்தால் அடுத்த கோடைக்குள் கேஸ் முழுவதும் போயிருக்கும். வீட்டுக்காரருக்கு 3,000 ரூபாய் நஷ்டம்.

(அதே மெக்கானிக்) சீசனில் நாளைக்கு ஆறு வீடு. ஒரு ஏசிக்கு எங்கள் கைக்கு வருவது சில நூறு ரூபாய். பத்து கிலோ பம்ப்பை மூன்று மாடி தூக்கிப்போய் அரை மணி நேரம் நின்றால் ஆறு வீடு மூன்றாகிவிடும். அதற்கான கூலியை யார் தருவார்கள்?

இது நியாயம். முதலில் கோபமாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். தவறு உன்னிடம் மட்டும் இல்லை. நாளுக்கு ஆறு வீடு என்று ஒப்படைப்பவரிடமும் இருக்கிறது, 50,000 ரூபாய்க்கு ஏசி வாங்கிவிட்டு மாட்டுகிறவரிடம் 200 ரூபாய்க்குப் பேரம் பேசும் வீட்டிலும் இருக்கிறது.

(வேளச்சேரி) அதற்கு நாங்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்? நிறுவனம்தானே தர வேண்டும்?

ஆமாம் அம்மா, நிறுவனம்தான் தர வேண்டும். ஏசியோடு வரும் கையேட்டைப் பிரித்துப் பாருங்கள், வேக்குவம் செய்யும் முறை அதில் இருக்கும். கையேட்டைக் காட்டிக் கேளுங்கள், செய்யாவிட்டால் புகார் கொடுங்கள். ஆனால் இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்பவர் பம்ப் இல்லாமல் வந்திருந்தால், 500 ரூபாய் கூடத் தருகிறேன், நாளைக்குப் பம்ப்போடு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஏசி ஒரு நாள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒரே வரியில் சொல்லுங்கள்.

சொல்ல முடியாது. முதல் பதிலைப் படியுங்கள்.

2 டன் மாட்ட எவ்வளவு?

முதல் பதில்தான். பைப் தடிமனாகும், அதனால் மீட்டர் விலையும் கூடும்.

வாடகை வீடு மாறுகிறோம். கழற்றி மாட்ட 5,500 கேட்கிறார்கள்.

கழற்ற 800, மாட்ட 1,500. மீதி கேஸுக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஓடுகிற நிலையில் உள்ள ஏசியில் கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அப்படிக் கழற்றினால் புதுக் கேஸ் தேவைப்படாது. கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புது வீட்டில் மாட்டும்போதும் வேக்குவம் உண்டு.

டிவி இருக்கும் பிளக்கிலேயே ஏசியைச் செருகலாமா?

வேண்டவே வேண்டாம். 1.5 டன்னுக்கு மீட்டர் பலகையிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்சிபி (சுமை கூடினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்), நல்ல எர்த் வேண்டும். இதற்கான செலவை எலெக்ட்ரீஷியன் வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டு ஏசிக்கு த்ரீ பேஸ் வாங்க வேண்டுமா?

உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள்.

மூன்றாவது மாடி. வெளிச்சுவரில் மாட்ட 1,500 கூடக் கேட்கிறார். பக்கத்து வீட்டில் அதை வாங்கவில்லையே?

கொடுங்கள். பெல்ட்டும் கயிறும் கொண்டுவருவாரா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் என்னோடு இருந்தவர் இரண்டாவது மாடிச் சன்ஷேடில் கயிறில்லாமல் நின்று ஸ்டாண்டுக்குத் துளை போட்டார். பழைய சன்ஷேட், ஓரம் உடைந்தது. இடது காலில் கம்பி வைத்தார்கள். அதன் பிறகு அவர் ஏணி ஏறவில்லை. பக்கத்து வீட்டில் எப்படி மாட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒரு மனிதர் கயிறில்லாமல் ஜன்னலைத் தாண்டிக் கால் வைத்தால், வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

வேக்குவம் என்றால் வேக்குவம் கிளீனர் போதுமா?

போதாது. அதனால் அந்த அளவுக்குக் காற்றை இழுக்க முடியாது.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

ஊற்றலாம், குடிக்கத்தான் கூடாது. குழாயைத் தொட்டிக்குத் திருப்பும்போது நடுவில் மேடு விழாமல் சரிவாக விடுங்கள். மேடு இருந்தால் தண்ணீர் தேங்கி, இண்டோர் வழியாக அறைக்குள் சொட்டும்.