கெக் கழுவும் முறை: கேள்வி பதில்

கொழும்பில் ஒரு குளிர்பான ஆலையின் கழுவும் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். ஜிஞ்சர் பியர், சோடா, குளிர்ந்த கோப்பி போன்றவற்றை வீட்டிலும் சிறு கடைகளிலும் துருப்பிடிக்காத உருக்குக் கெக்குகளில் (வாயு அழுத்தத்தில் பானத்தை வைத்திருக்கும் மூடிய உலோகக் கலன்களில்) நிரப்புகிறவர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: புறக்கோட்டையில் பழைய 19 லீற்றர் கெக் ஒன்று வாங்கினேன். உள்ளே இனிப்பும் புளிப்பும் கலந்த வாடை அடிக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். வெறுமையாகத் தெரியும் கெக்கிலும் வாயு நிரம்பியிருக்கலாம் என்பதால், மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வின் வளையத்தை இழுத்து, சீறல் முற்றாக நின்ற பின்னரே மூடியின் நெம்புகோலில் கை வைக்க வேண்டும். இதை நான் இன்னும் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூடி, வாயு முனை, பான முனை, அவற்றின் உள்ளே இருக்கும் சிறு சுருள்வில் வால்வுகள், நீளமும் குட்டையுமான இரு குழாய்கள் ஆகியவை தனித்தனியே வந்துவிடும். போல் லொக் வகையில் (இணைப்பியை முனையின் மேல் அழுத்திப் பூட்டும் வகை) வாயு முனையின் அடிப்பகுதியில் சிறு வெட்டுகள் இருக்கும், பான முனையில் இருக்காது. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் இறுகிக் கழற்ற முடியாமல் போகும். றப்பர் வளையங்கள் மொத்தம் 5. மூடிக்கு ஒன்று, முனைகளுக்கு இரண்டு, குழாய்களுக்கு இரண்டு. உங்களுக்கு அடிக்கும் வாடையில் பெரும்பங்கு இந்த றப்பரில்தான் இருக்கும். பழைய பானத்தின் வாசனையை றப்பர் உறிஞ்சி வைத்திருப்பதால், அதைக் கழுவிக் காப்பாற்ற முயலாமல் உணவுக்கு உகந்த புதிய வளையங்களை வாங்கிப் போடுங்கள்.

உடலைக் கழுவுவதற்கு சோடியம் பேர்காபனேற்று போதும். இது நீரில் கரையும்போது சலவைச் சோடாவாகவும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் பிரிகிறது. முதலாவது கொழுப்பையும் புரதத்தையும் இளக்குகிறது, இரண்டாவது கறையை ஒட்சியேற்றி வெளுக்கிறது. லீற்றருக்கு 5 முதல் 10 கிறாம் கணக்கில், ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் கரைத்து, கெக்கை விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். மிகவும் அழுக்கென்றால் இரவு முழுவதும் விடலாம். கழற்றிய உலோகப் பாகங்களையும் அதே கரைசலில் ஊறப்போடுங்கள்.

நீளக் குழாயை மட்டும் ஊறவைத்து விட்டுவிடாதீர்கள். வெளியே பளபளவென்றிருந்த ஒரு குழாயினுள் நான் மெல்லிய தூரிகையைச் செலுத்தியபோது, மறுமுனையால் விரல் நீளத்துக்குப் பழுப்பு நிறக் கோழை திரண்டு விழுந்தது. அதனுள் இஞ்சி நார்கள் நூல்போலப் பின்னியிருந்தன. நிரப்பப்படும் ஒவ்வொரு துளியும் அந்தக் குழாய் வழியாகத்தான் குவளைக்கு வருகிறது. தூரிகை சுத்தமாக வெளிவரும் வரை தேய்த்து, மூன்று முறை நல்ல நீரால் அலசி, அதன் பின்னரே கிருமிநீக்கிக்குப் போக வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றும் கிருமிநீக்கி அழுக்கின் மேற்பரப்பை மட்டுமே தொடும்.

மட்டக்குளியிலிருந்து: இதே கெக்கில் வீட்டில் பியர் காய்ச்சலாமா?

இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் பியர் தயாரிப்பது மதுவரிச் சட்டப்படி குற்றம். ஆகவே அதற்கு நான் வழி சொல்வதில்லை.

தெஹிவளையிலிருந்து ஒரு சகோதரர்: மெல்பேணில் இருக்கும் என் அண்ணன் அங்கு வீட்டில் பியர் காய்ச்சியவர். இப்போது தன் இரண்டு கெக்குகளையும் எனக்கு அனுப்பிவிட்டார். உட்சுவரில் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான படலம் இருக்கிறது. பேர்காபனேற்றில் இரண்டு நாள் ஊறவைத்தும் போகவில்லை.

அது பியர்க்கல். தானியத்திலிருந்து வரும் ஒட்சலேற்றும் நீரிலுள்ள கல்சியமும் சேர்ந்து கல்சியம் ஒட்சலேற்றாகப் படிந்து, பானத்திலுள்ள புரதத்தையும் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்கிறது. பேர்காபனேற்றுக் கரைசல் ஒரு காரம். புரதத்தைக் காரம் கரைக்கும். கல்லைக் காரம் கரைக்காது. நீங்கள் இரண்டு நாள் ஊறவைத்ததில் புரதம் போயிருக்கும், கல் நின்றிருக்கும். இனி காரத்தை நன்றாக அலசிவிட்டு, பால் பதனிடும் இடங்களில் பயன்படுத்தும் பொசுபோரிக்கமிலக் கழுவியை அதன் சிட்டையில் குறிப்பிட்ட அளவுக்குக் கரைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து பயன்படுத்துங்கள். சித்திரிக்கமிலம் இந்தக் கல்லில் மெதுவாகத்தான் வேலை செய்யும். நகத்தால் சுவரைத் தடவும்போது சொரசொரப்புத் தட்டாமல் இருக்க வேண்டும். சொரசொரப்பு எஞ்சியிருந்தால் அந்தப் பிளவுகளில் நுண்ணுயிர் தங்கும். நீங்கள் நிரப்பும் ஜிஞ்சர் பியர் ஒரு கிழமைக்குள் புளித்துவிடும்.

கிராண்ட்பாஸ்: வீட்டில் பிளீச் இருக்கிறது. அதை ஊற்றி இரவு முழுவதும் வைக்கலாமா?

வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், அதிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுத் தோலொன்றை உண்டாக்கி வைத்திருப்பதுதான். நமது கெக்குகளில் பெரும்பாலானவை 304 வகை உருக்கு. அதில் ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. தோலில் சிறு கீறல் விழுந்தால் ஒட்சிசன் பட்டவுடன் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் பிளீச்சிலுள்ள குளோரைட்டு அந்த இடத்தில் புகுந்துவிட்டால் மூட விடாது. குழியொன்று தொடங்கும், குழிக்குள் கரையும் உலோகம் நீருடன் தாக்கமுற்று அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் குழியை மேலும் ஆழமாக்கும். வாய் கடுகளவில் இருக்க, உள்ளே குகைபோல அகன்றிருக்கும் குழிகளை நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன்.

நன்றாக நீர்த்த பிளீச்சைச் சில நிமிடம் விட்டு உடனே அலசினால் பெரிய கேடு நேராது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். இரவு முழுவதும் விடுவதும், சூடாக்குவதும், மூடியின் விளிம்புக்கு அடியில் அது காய்வதும்தான் கெக்கை அழிக்கின்றன. பிளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு வெளிவந்து, மூடிய சமையலறையில் உயிருக்கே ஆபத்தாகும்.

வத்தளை: ஆலைகளில் எரிசோடாதானே (சோடியம் ஐதரொட்சைட்டு) பாவிக்கிறார்கள்? வீட்டில் பாவித்தால் என்ன?

ஆலையில் அதற்குரிய குழாய்களும், உடுப்பும், கண் கழுவும் ஊற்றும் இருந்தன. வீட்டில் தேவையில்லை என்பதே என் கருத்து. இருந்தும் பாவிப்பீர்கள் என்றால் ஒன்றை அறிந்து வையுங்கள். பானம் தீர்ந்த கெக்கினுள் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும்; எரிசோடா அதை உறிஞ்சி வெறும் சலவைச் சோடாவாக மாறிவிடும். சாதாரண வளியமுக்கத்தில் 19 லீற்றர் வாயு ஏறத்தாழ 60 கிறாம் எரிசோடாவைத் தின்றுவிடும் என்பது கணக்கு. நீங்கள் போட்ட காரம் அழுக்கைத் தொடும் முன்பே தீர்ந்துபோகிறது. அதைவிட மோசமானது, வாயு உறிஞ்சப்பட்டதும் மூடிய கலனுக்குள் வெற்றிடம் உண்டாவது. பெரிய தாங்கிகள் இப்படி உள்வாங்கி நசுங்கியிருக்கின்றன. எரிசோடாவுக்கு முன்னால் கெக்கைத் திறந்து, நீரால் முழுமையாக நிரப்பிக் கொட்டி, வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும். அலுமினியப் பாகங்களை அதில் போடாதீர்கள், கரைந்துவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓர் அம்மா: இவ்வளவு இரசாயனம் எதற்கு? உப்பும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தால் எந்தப் பாத்திரமும் மின்னும். என் அம்மம்மா காலத்திலிருந்து செய்கிறோம். நான் கெக்கையும் அப்படித்தான் கழுவுகிறேன்.

அம்மா, பித்தளைக்கும் செம்புக்கும் அது மிகச் சரியான முறை. அங்கே கறுத்திருப்பது செம்பின் ஒட்சைட்டு. தேசிக்காயின் அமிலம் அதைக் கரைக்கிறது, உப்பு அதற்குத் துணை செய்கிறது, கீழே புது உலோகம் மின்னுகிறது. உருக்கில் அந்த ஒட்சைட்டுத் தோல்தான் காவல். அமிலமும் உப்பிலுள்ள குளோரைட்டும் சேர்ந்து வருவதுதான் அதற்கு மிகவும் கெட்டது. கெக்கில் இதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதே அம்மா: முப்பது வருடமாக எங்கள் சில்வர் சட்டிகளை அப்படியே கழுவுகிறோம். ஒன்றும் ஓட்டையாகவில்லையே?

சட்டியைத் தேய்த்து உடனே கழுவித் துடைத்துக் கவிழ்க்கிறீர்கள். காற்றுப் படுகிறது, தோல் மீண்டும் உருவாகிறது. கெக் மூடிய கலன். விளிம்பின் மடிப்பிலும் றப்பரின் அடியிலும் உப்பு நீர் தங்கி, ஒட்சிசன் இல்லாமல் நாட்கணக்கில் கிடக்கும். அதன் மேல் வாயு அழுத்தமும் ஏற்றுகிறோம்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தேசிக்காய் ஊறுகாயை உங்கள் அம்மம்மா எதில் போட்டு வைத்தார்? சாடியில்தானே? உப்பும் புளிப்பும் சேர்ந்து நாள்பட உலோகத்தை அரிக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நீங்கள் சோறு வடிக்கும் உருக்குப் பானையின் அடியை வெளிச்சத்தில் சாய்த்தும் பாருங்கள். நீர் கொதிக்கும் முன்பு போட்ட உப்பு கரையாமல் கிடந்த இடத்தில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ ஊசிமுனைப் புள்ளிகள் தெரியக்கூடும். அவை கறையல்ல, எவ்வளவு தேய்த்தாலும் போகா.

கொள்ளுப்பிட்டி: அம்மா சொல்வதில் பாதி சரிதானே? உப்பை விட்டுவிட்டுத் தேசிக்காய் அல்லது பழப்புளி மட்டும் போட்டால்?

உப்பை விட்டாலே பெரும் ஆபத்து நீங்கிவிடும், சரி. தேசிக்காயில் இருப்பதும் சித்திரிக்கமிலம்தான்; புளியில் தாத்தாரிக்கமிலம். ஆனால் சாற்றுடன் சீனியும் தசையும் நாரும் சேர்ந்து வருகின்றன, அவை சிறு வால்வுகளில் அடைத்து அடுத்த கிருமிக்கு உணவாகின்றன. தூளாக விற்கும் சித்திரிக்கமிலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 2 லீற்றர் வெந்நீரில் 100 கிறாம் கரைத்து, கெக்கை மூடி, ஒவ்வொரு பக்கமாகப் படுக்கவைத்து 20 நிமிடம் விடுங்கள். இது மேற்பரப்பில் ஒட்டிய இரும்புத் துகள்களை நீக்கி, குரோமியத் தோல் சீராக உருவாக உதவுகிறது. அம்மாவின் கை தேடியது இந்த அமிலத்தைத்தான் என்று நான் மதிப்போடு சொல்கிறேன். உப்போடுதான் எனக்குச் சண்டை.

நாரஹேன்பிட்டி: பிளீச் போட்டு அரை மணி நேரம் மட்டும் வைத்தால்?

மேலே கிராண்ட்பாஸ் அன்பருக்கு எழுதியதைப் படியுங்கள்.

வெள்ளவத்தை, கடற்கரைப் பக்கம்: பல்கனியில் வைத்த கெக்கின் வெளிப்புறம் தேநீர் சிந்தியதுபோலப் பழுப்பாகிறது. போலி உருக்கா?

போலியல்ல. கடற்காற்றில் வரும் உப்பு படிந்து உண்டாகும் மேலோட்டமான கறை அது. இந்தத் தொழிலிலும் அதைத் தேநீர்க் கறை என்றே சொல்கிறார்கள். 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் கலந்த 316 உருக்கு கடலோரத்தில் நன்றாகத் தாங்கும். 304 அவ்வளவு தாங்காது. சித்திரிக்கமிலக் கரைசலில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல நீரால் கழுவி, வீட்டுக்குள் வையுங்கள். அதன் பின் கிழமைக்கொரு முறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தெமட்டகொடை: இரும்புக் கம்பிச் சுருளால் தேய்க்கலாமா?

கூடாது. அதன் துகள்கள் சுவரில் பதிந்து துருப்பிடிக்கும். மென்மையான நைலோன் பஞ்சு போதும்.

கொட்டாஞ்சேனைத் தம்பி மீண்டும்: கிருமிநீக்கி கிடைக்காவிட்டால் கொதிநீர் மட்டும் போதுமா ஐயா?

நன்றாகக் கழுவிய கெக்குக்குப் போதும். 80 பாகைக்கு மேற்பட்ட நீரால் நிரப்பி 20 நிமிடம் விட்டு, சிறிது நீரைப் பான முனை வழியாகவும் வெளியேற்றுங்கள். மூடியை இறுக்கி ஆறவிடாதீர்கள். நீராவி ஒடுங்கி வெற்றிடம் உண்டாகி, வெளிக்காற்றைக் கிருமியோடு உள்ளே இழுக்கும். 19 லீற்றர் கொதிநீரைத் தனியாளாகத் தூக்கவும் வேண்டாம்.

மருதானை: 50 லீற்றர் கெக்கில் நடுக்குழாயைக் கழற்றுவது எப்படி?

அழுத்தம் இருக்கும்போது அந்தக் குழாய் ஈட்டிபோலப் பாய்ந்து வரும். வெளிநாடுகளில் இதனால் உயிரிழந்தவர்கள் உண்டு. அந்த வகைக் கெக்கில் உற்பத்தியாளரின் முத்திரை இருந்தால் அது அவர்களுடைய சொத்து, திருப்பிக் கொடுங்கள்.

ராஜகிரிய: கெக் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிரசர் சத்தமிடுகிறது.

அது என் துறையல்ல. குளிர்சாதனத் திருத்துநரிடம் காட்டுங்கள்.

அங்கொடை: வாசனையில்லாத பிளீச் என்றால் பாதிப்பு இல்லைதானே?

வாசனைக்கும் குளோரைட்டுக்கும் தொடர்பில்லை. பிளீச்சைப் பற்றி இனி நான் பதிலெழுதப் போவதில்லை.

பம்பலப்பிட்டி அம்மா: தம்பி, நீங்கள் சொன்னபடி பானையைப் பார்த்தேன், அடியில் புள்ளிகள் இருக்கின்றன. பிறகு கெக்கினுள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூடியின் விளிம்புக்குக் கீழே மூன்று கறுப்புப் புள்ளிகள். இனி என்ன செய்வது?

பார்த்ததற்கு நன்றி அம்மா. ஒரு தையல் ஊசியின் முனையால் அந்தப் புள்ளிகளை மெதுவாகத் தடவுங்கள். முனை வழுக்கிச் சென்றால் அது கறை, சித்திரிக்கமிலத்தில் போய்விடும். முனை தடுக்கி நின்றால் அது குழி. அப்படியென்றால் கெக்கை விளிம்பு வரை நீரால் நிரப்பி மூடி, வெளிப்புறம் முழுவதையும் துடைத்து உலர்த்தி, பழைய பத்திரிகைத் தாளின் மேல் ஓரிரவு படுக்கவைத்துவிடுங்கள். மூடிப் பக்கம் நீர் சற்றுக் கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். தாள் காய்ந்திருந்தாலும் தடுக்கிய குழி உள்ள கெக்கில் வாயு ஏற்ற வேண்டாம். ஆழம் எவ்வளவு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அரிசியோ பருப்போ போட்டு வைக்க அது இன்னும் பல ஆண்டுகள் உதவும்.