அமெரிக்காவின் லூசில் பால் வெறும் நகைச்சுவை நடிகைதானா? ஏன் அவரை இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

நடிகை மட்டுமில்லை, முதலாளியும்கூட. 1911-ல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தவர். ஹாலிவுட்டில் பல வருடம் சின்னப் படங்களிலேயே காலம் ஓடியது. நாற்பது வயதில், 1951-ல், 'ஐ லவ் லூசி' என்ற டிவி நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. கியூபாக்காரரான தன் கணவர் டெசி அர்னாஸ்தான் ஜோடி என்று அடம்பிடித்தார். சேனலுக்கு அதில் தயக்கம்.

அந்தத் தொடரின் சாக்லேட் தொழிற்சாலைக் காட்சியைப் பாருங்கள். பெல்ட் வேகம் பிடிக்கிறது, சாக்லேட்டைத் தாளில் சுற்ற முடியவில்லை. வாயில் அடைக்கிறார், தொப்பிக்குள் ஒளிக்கிறார், சட்டைக்குள்ளும் போட்டுக்கொள்கிறார். வசனமே தேவைப்படவில்லை.

நிஜத்தில் கர்ப்பமானபோது அதையும் கதையில் சேர்த்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லுக்கு மட்டும் தடை! 1953 ஜனவரி 19 இரவு, தொடரில் வரும் லூசிக்குக் குழந்தை பிறக்கும் எபிசோடு ஒளிபரப்பானது. அன்றைக்கே நிஜத்தில் லூசில் பாலுக்கு மகனும் பிறந்தான்.

பார்வையாளர்கள் முன்னால் நடித்து, மூன்று கேமராக்களில் ஃபிலிமில் பிடித்தார்கள். அதனால்தான் மறுஒளிபரப்பு சாத்தியமானது, பணமும் கொட்டியது.

அப்புறம் 1960-ல் விவாகரத்து. இரண்டே வருடத்தில் இருவருக்கும் சொந்தமான டெசிலு ஸ்டூடியோவில் டெசியின் பங்கை வாங்கி, அதன் தலைவரானார். 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடர் அங்கே உருவானதுதான். 1967-ல் ஸ்டூடியோவை விற்றார், 1989-ல் காலமானார்.