ஓய்வுக்காலத்துக்குப் புழுக்கமான கடலோர ஊர் சரிப்படுமா?

சரிப்படும். ஆனால் எந்தக் கடலோரம், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, வீட்டுக்குள் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதெல்லாம் முக்கியம். ஓசூரில் ஒரு ஃபிளாட் வாங்குவதா, கடல் பக்கம் போவதா, அறுபதுக்கு மேல் இந்தப் புழுக்கம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மனைவியும் வேலைக்காலம் முழுக்க பெங்களூரில் இருந்துவிட்டு நாகர்கோவிலில் வந்து குடியேறியவர்கள். இரண்டு பேருக்குமே இது சொந்த ஊர் இல்லை, அதனால் ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

எங்களைக் கிளப்பியது என் மனைவியின் முழங்கால். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்க் குளிரில் காலையில் எழுந்ததும் கால் மடங்காது, வெயில் ஏறும்வரை வெளியே வரமாட்டாள், அப்புறம் சமையல், அப்புறம் போக்குவரத்து நெரிசல், நடை என்பதே நின்றுபோனது. எனக்கு ரத்த அழுத்தம். குளிர் மாதங்களில் அது கொஞ்சம் ஏறுவது பலருக்கும் உள்ளதுதான். ஓய்வுக்குப் பிறகு ஒரு ஊர் நல்ல ஊரா என்பதை நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: தினமும் வாசலைத் தாண்டி வெளியே போகத் தோன்றுகிறதா? இங்கே தோன்றுகிறது, வியர்த்தாலும்.

இப்போது புழுக்கத்துக்கு வருவோம். வானிலைச் செயலியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்று பார்த்துப் பயப்படாதீர்கள், அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. பெங்களூரில் ஜனவரி விடியற்காலையிலும் 90 காட்டும், யாருக்கும் வியர்ப்பதில்லை. பார்க்க வேண்டியது பனிநிலை, அதாவது காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. அது 24 டிகிரியைத் தாண்டினால் வியர்வை சீக்கிரம் உலராது, உடம்பு பிசுபிசுக்கும். நம் கடலோரம் எங்குமே ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கும், நாகர்கோவிலும்தான். இதை மறைத்துப் பேசினால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஆனால் ஈரம் ஒரே மாதிரி இருந்தாலும் ஊருக்கு ஊர் காற்று வேறு. சென்னையில் மே மாதம் மேற்கிலிருந்து வரும் வறண்ட தரைக்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று உள்ளே வர மத்தியானம் தாண்டிவிடும், அதற்குள் வெயில் 40ஐத் தொட்டுவிடும். குமரி மாவட்டத்தில் தெற்கிலும் மேற்கிலும் கடல், வடக்கே மலை. வெயில் அந்த அளவுக்கு ஏறுவது அபூர்வம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து சூட்டை இறக்கிவிடும், மறுபடி அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் இரண்டு மழையையும் இப்படி நன்றாக வாங்கும் இடங்கள் குறைவு. பக்கத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்களே, அது ஒன்றே காற்றின் பலத்தைச் சொல்லும். கடினமான மாதங்கள் பங்குனியும் சித்திரையும். அப்போது நாங்கள் காலை ஏழுக்குள் நடையை முடித்துவிடுவோம், பதினொன்றிலிருந்து நாலு வரை வீடு, சாயங்காலம் சங்குத்துறை அல்லது சொத்தவிளை கடற்கரை.

வயதானால் தாகம் குறைவாகத்தான் தெரியும், அதனால் தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் இதயம் பலவீனமானவர்களும் எவ்வளவு குடிக்கலாம், இந்தச் சூட்டில் மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பவே கூடாது. இதில் மட்டும் அசட்டை வேண்டாம்.

வீடு விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது, கடலைப் பார்த்த வீடு வேண்டாம். விளம்பரத்தில் அழகாக இருக்கும். உப்புக்காற்று ஜன்னல் கிரில்லை அரிக்கும், ஏசியின் வெளிப்பெட்டியை அரிக்கும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக்கூட விடாது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள் வருடா வருடம் பெயின்டருக்கும் வெல்டருக்கும் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டால் காற்று வரும், உப்பு பெரும்பாலும் வராது. எங்கள் வீட்டில் தெற்கும் மேற்கும் திறப்பு, எதிர்ச்சுவரிலும் ஜன்னல், மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு. வருடத்தில் பாதி நாள் மின்விசிறியே போதும். மழைக்காலத்தில் பூஞ்சை ஒரு தொல்லைதான். தோல் செருப்பு, பட்டுப்புடவை, பழைய புத்தகங்கள், பத்திரங்கள் எல்லாவற்றையும் வெயில் அடிக்கும் நாளில் எடுத்துக் காற்றாட வைக்க வேண்டும். பத்திரம் வைத்த பீரோவில் சிலிகா ஜெல் பைகள் போட்டிருக்கிறோம்.

புயலையும் கடலையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் நேர்மையாக இருக்காது. 2004 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கடலுக்குப் போயிருந்த எத்தனையோ மீனவர்கள் திரும்பவே இல்லை, ஊருக்குள் மரங்கள் சாய்ந்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு, தொலைவில் எங்கோ எழுந்த பேரலை காற்றும் மழையும் இல்லாத நாளில் கரையில் வந்து ஏறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தது அப்படித்தான். ஆகவே கடற்கரை எங்களுக்கு உட்காரவும் நடக்கவும் மட்டும்தான், பேரப்பிள்ளைகள் வந்தாலும் தண்ணீரில் இறங்க விடுவதில்லை.

மருத்துவத்துக்கு ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் உண்டு. பெரிய இதய, மூளைச் சிகிச்சை என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனை. சுமார் 70 கிலோமீட்டர்தான், ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் இரண்டு மணி நேரமாவது ஆகும். வேறு எந்தக் கடலோர ஊரைப் பார்த்தாலும் இந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

மற்றபடி வடசேரிச் சந்தையில் மட்டிப்பழம், காலையில் வீட்டு வாசலுக்கே வரும் மீன், மழை தூறினால் "சாரே, துணி நனையுது" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுக்கும் அக்கா. பெங்களூரில் எங்கள் அடுக்ககத்தில் எதிர்வீட்டில் யார் இருந்தார்கள் என்றே தெரியாது. குளிர்ந்த காற்றை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டதில் எங்கள் இரண்டு பேருக்கும் வருத்தமே இல்லை.

ஒன்று செய்யுங்கள். டிசம்பர், ஜனவரியில் வந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது எந்தக் கடலோர ஊரும் இதமாகத்தான் இருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள், ஏசி இல்லாத அறையில் சில இரவுகள் படுத்துப் பாருங்கள், முடிந்தால் ஐப்பசி மழையிலும் ஒரு வாரம் வாருங்கள். மனைவியையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அடுப்படிச் சூடு யாருக்குத் தெரியுமோ அவர் சம்மதிக்க வேண்டும். ஓசூர் ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.